கொலஸ்ட்ராலும் கிட்னியும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி அம்மா:
என் மகனுக்கு அப்போ ஆறு வயசு. காலையில எழுந்தா கண்ணைச் சுத்தி வீங்கியிருக்கும், சாயங்காலம் வத்திடும். பார்த்தவங்க எல்லாம் பூச்சிக்கடின்னாங்க. அப்புறம் காலும் வீங்கி, யூரின் நுரைநுரையா போச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்தா கொலஸ்ட்ரால் 400-ஐத் தாண்டி இருக்கு! மாமியார் அன்னைக்கே வீட்டுல நெய்யை நிறுத்திட்டாங்க.

டாக்டர் சொன்னது வேற. நெஃப்ராடிக் சிண்ட்ரோமாம். கிட்னியோட வடிகட்டி பழுதாகி, ஆல்புமின்ங்கிற புரதம் யூரின்ல போயிடுது. அதை ஈடுகட்ட கல்லீரல் ஆல்புமினை வேகவேகமா தயாரிக்குது, கூடவே கொழுப்பைச் சுமக்கிற துகள்களையும் சேர்த்துத் தயாரிக்குது. ரத்தத்துல இருக்கிற கொழுப்பைக் கரைச்சு அகற்றுற வேலையும் மந்தமாயிடுது. அதாவது அவன் தின்ன நெய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சு, புரதம் போறது நின்னதும் கொலஸ்ட்ரால் தானா இறங்கிடுச்சு. கொழுப்பு மாத்திரை ஒண்ணுகூட கொடுக்கலை. இந்த மாதிரி பிள்ளை உள்ளவங்க தயவுசெஞ்சு ஸ்டீராய்டை நீங்களா நிறுத்திடாதீங்க.

கோவை வாசகர்:
எங்கப்பாவுக்கு நேர் எதிருங்க. கொழுப்புதான் முதல்ல, கிட்னி அப்புறம். பல வருஷமா சிகரெட், கூடவே கொலஸ்ட்ரால். பிரஷருக்கு மாத்திரை மேல மாத்திரை போட்டும் இறங்கலை. புதுசா ஒரு பிரஷர் மாத்திரை சேர்த்ததும் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் அளவு ரத்தத்துல சட்டுன்னு ஏறிடுச்சு. அதைப் பார்த்துத்தான் டாக்டருக்குச் சந்தேகம் வந்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு கிட்னி சுருங்கிக் கிடந்துச்சு, அதுக்குப் போற ரத்தக்குழாய்ல கொழுப்புப் படிஞ்சு அடைப்பு. நெஞ்சுல மட்டும்தான் அடைப்பு வரும்னு நினைக்காதீங்க.

அடைச்ச குழாயை விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் வைக்கலாமான்னு கேட்டோம். 2014-ல வந்த கோரல் ஆய்வுல, மாத்திரையோட ஸ்டென்ட்டும் வெச்சவங்களுக்குக் கூடுதல் நன்மை பெருசா தெரியலைன்னு விளக்கினார். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சிகரெட்டுக்கு முழுக்கு. இப்ப அப்படித்தான் போகுதுங்க.

சென்னை, டயாலிசிஸ் நோயாளியின் மனைவி:
கொழுப்பு கிட்னியையே நேரடியாகக் கெடுக்கலாம் என்று மூர்ஹெட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1982-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதனால் ஸ்டாட்டின் போட்டால் கிட்னி காப்பாற்றப்படும் என்று நான் பெரிதும் நம்பியிருந்தேன். 2011-ல் ஷார்ப் ஆய்வு வந்தது. 9,000-க்கும் மேற்பட்ட கிட்னி நோயாளிகள். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும், எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் கிட்னி செயலிழப்பது தள்ளிப்போகவில்லை. படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் கிட்னி நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதயநோய்தான். அதைத் தடுக்கும் மாத்திரையை லேசாக எண்ண முடியாது. டயாலிசிஸுக்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்ததால் என் கணவருக்குத் தொடரச் சொல்லிவிட்டார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஆரம்பிப்பதில் பொதுவாகப் பலன் காணவில்லை. டாக்டரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

நெல்லை, லேப் டெக்னீஷியன்:
தினமும் ரத்தம் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டிரைகிளிசரைடு என்ற ஒரு வகைக் கொழுப்பு மிக அதிகமாக இருந்தால், டியூபில் ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் நீர்ப்பகுதியான சீரமே பால் மாதிரி வெளுத்துவிடும், மெஷினில் போடும் முன்பே தெரியும். ஆனால் கிட்னி நோயாளிகள் பலருக்கு அப்படி இருக்காது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் நார்மல் என்றே ரிப்போர்ட் வரும், டிரைகிளிசரைடு கொஞ்சம் கூடி, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் குறைந்திருக்கும். நார்மல் என்ற அந்த எல்டிஎல்லிலும் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகி, ரத்தக்குழாய்ச் சுவரில் எளிதில் புகக்கூடியவையாக மாறியிருக்கலாம்.

கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு விடியற்காலையே வந்து நிற்கிறார்கள். யூரினும் கொடுங்கள் என்றால், "அது எதுக்குப்பா?" என்கிறார்கள். திருச்சி அம்மா சொன்ன கதைக்கு விடை அந்த யூரினில்தான் இருந்தது. யூரின் ஆல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ என்று கேளுங்கள். 30 mg/g-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாள் திரும்பவும் பார்த்துவிட்டு, இரண்டு ரிப்போர்ட்டையும் கிட்னி டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.