லூசி சிரிச்சுதுன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?

குரோம்பேட்டை_அப்பா:
நேத்து நைட் பொண்ணோட (ஏழாவது படிக்கிறா) மனுஷனோட தோற்றம் பத்தி டிவில ஒரு டாக்குமெண்டரி பாத்தேன், லூசி (எலும்பா கெடச்ச ஒரு ஆதி மனுஷ இனத்துப் பொண்ணு) மரத்துல இருந்து இறங்கி வருது, குட்டியப் பாத்து சிரிக்குது, பின்னாடி வயலின் வேற. இவ டக்குனு "அப்பா, எலும்பு தானே கெடச்சுது, சிரிச்சுதுன்னு எப்படித் தெரியும்"ங்கறா. பதில் தெரியல எனக்கு. எது வரைக்கும் எலும்பு சொல்லுது, எங்க இருந்து கற்பனை?

பெரம்பூர் டீச்சர்:
சரியான கேள்வி சார். 1974-ல எத்தியோப்பியா ஹடார்ல கெடச்சது மொத்த எலும்புக்கூட்டுல சுமார் 40% தான், மண்டையோட்டுல சில துண்டும் கீழ்த்தாடையும் மட்டும். முகத்த அதே இனத்தோட வேற மண்டையோடுகள வச்சு வரையறாங்க, 1992-ல ஹடார்லயே நல்லதா ஒண்ணு கெடச்சுது. ரெண்டு கால்ல நடந்தது உறுதி, இடுப்பெலும்பும் முட்டியும் சொல்லிடும். 32 லட்சம் வருஷம்ங்கறதும் எரிமலைச் சாம்பல்ல இருக்கற ஆர்கான்ங்கற வாயுவ அளந்து சொன்னது. ஆனா தோல் நிறம், முடி, கண்ணுல வெள்ளை, சிரிப்பு எதுவும் எலும்புல பதியாது, வரையறவங்க முடிவு பண்றது. ரெண்டையும் ஒரே குரல்ல சொல்றாங்க பாருங்க, எனக்கு அதான் ஆத்தாமை. கிளாஸ்ல பசங்க அத அப்படியே நம்பிட்டு வராங்க.

கல்தேடி:
ஹோமோ நலேடி (அழிஞ்சு போன இன்னொரு ஆதி மனுஷ இனம்) விஷயம் இதவிட மோசம். தென்னாப்பிரிக்கா குகைல அவங்க செத்தவங்கள புதைச்சாங்கன்னு 2023-ல ஆய்வுக்குழு சொல்லி அடுத்த மாசமே ஓடிடில படம் வந்துடுச்சு, ஆனா அந்தக் கட்டுரைகள மதிப்பிட்ட விஞ்ஞானிங்க ஆதாரம் பத்தாதுன்னு எழுதியிருந்தாங்க. அந்த வாக்குவாதத்த காட்டினா தானே சயின்ஸ் எப்படி நடக்குதுன்னு பசங்களுக்குப் புரியும்?
அப்புறம் குரோம்பேட்டைன்னா பல்லாவரம் பக்கம் தானே சார், 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற பிரிட்டிஷ் புவியியலாளர் அங்க சரளைக்கல்லுக்கு நடுவுல எடுத்த கல் ஆயுதத்துல இருந்து தான் நம்ம ஊர்ல இந்த ஆராய்ச்சியே ஆரம்பிக்குது. திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துல 15 லட்சம் வருஷப் பழைய கைக்கோடாரி இருக்கு. ஆனா செஞ்சவங்க எலும்பு ஒண்ணு கூட கெடைக்கல, அதனால யாருன்னு உறுதியா சொல்ல முடியாது. காட்ட முகம் இல்லாததால டிவில வரமாட்டேங்குது போல. பூண்டில தொல்லியல் துறை மியூசியம் இருக்கு, பாப்பாவ கூட்டிட்டுப் போங்க.

குரோம்பேட்டை_அப்பா:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். தினம் பல்லாவரம் தாண்டி தான் ஆபீஸ் போறேன், இது தெரியவே தெரியாது. படிச்சுக் காட்டினதும் அவ அதே டாக்குமெண்டரிய திரும்பப் போட்டு, எலும்பு ஒரு பக்கம் கற்பனை ஒரு பக்கம்னு நோட்டுல எழுதிட்டு இருக்கா. பூண்டி மியூசியம் ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?