மறு: ‘அப்டேட்’, ‘அப்கிரேட்’ இரண்டையும் தமிழில் எப்படிப் பிரிப்பது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டெபியன் லினக்ஸில் பொதிகளை (பேக்கேஜ், அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் கட்டுகள்) நிறுவவும் நீக்கவும் உதவும் ‘ஆப்ட்’ கருவியின் தமிழ் மொழிபெயர்ப்பு வரைவு பற்றிய இழைக்கு என் பதில் இது.

> அப்டேட் என்றால் இற்றைப்படுத்து, அப்கிரேட் என்றால் மேம்படுத்து. இரண்டும் புழக்கத்தில் உள்ள சொற்களே. இழையை இத்துடன் முடித்துக்கொள்ளலாமே?

புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் ஆப்ட் கட்டளைகளின் மேல் இவற்றை அப்படியே ஒட்டினால் புதிய பயனர் ஏமாந்துபோவார். முனையத்தில் (டெர்மினல்) ‘ஆப்ட் அப்டேட்’ என்று தட்டும்போது கணினியில் நிறுவியுள்ள ஒரு பொதிகூட மாறுவதில்லை. இணையத்தில் பொதிகள் இருக்கும் களஞ்சியத்தில் எந்தப் பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் இறங்குகிறது, அதன் கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது, அவ்வளவுதான். ரேஷன் கடைப் பலகையில் இன்று என்ன சரக்கு என்று பார்த்துவிட்டு வருவதைப் போன்றது இது. பைக்குள் அரிசி விழ வேண்டுமானால் ‘ஆப்ட் அப்கிரேட்’ கொடுக்க வேண்டும். முதல் கட்டளையை ‘இற்றைப்படுத்து’ என்று உதவிப்பக்கத்தில் எழுதிவைத்தால், அதை ஓட்டிய கையோடு பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேர்ந்துவிட்டன என்று ஒருவர் நிம்மதியாக இருந்துவிடுவார்.

இந்தக் குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது. 2015இல் ஃபெடோரா 22 என்ற இன்னொரு லினக்ஸ் வெளியானபோது, யம் என்ற பழைய பொதிக் கருவியின் இடத்துக்கு வந்த டிஎன்எஃப்பில் ‘அப்டேட்’ என்பது ‘அப்கிரேட்’டுக்கு இன்னொரு பெயர் மட்டுமே, எதைத் தட்டினாலும் பொதிகள் மாறும். பட்டியல் காலாவதியாகியிருந்தால் அதுவே புதியதை எடுத்துக்கொள்ளும். மேக் கணினிகளில் பலர் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ, இந்த விஷயத்தில் ஆப்ட் பக்கம். ஓப்பன்சூசே லினக்ஸின் சிப்பர்தான் பட்டியல் வேலைக்கு ‘ரெஃப்ரெஷ்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல் இடத்துக்கு இடம் வெவ்வேறு வேலை செய்யும்போது, அதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடி நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? நடக்கும் வேலைக்குப் பெயர் வைப்போம். என் முன்மொழிவு: ‘பட்டியலைப் புதுப்பி’, ‘பொதிகளை இற்றைப்படுத்து’. எது மாறுகிறது என்பது பெயரிலேயே வந்துவிடும். நீளம் கூடுகிறது என்பார்கள். கூடட்டும். கட்டளையை யாரும் தமிழில் தட்டப்போவதில்லை. விளக்கத்தில்தான் இது வரப்போகிறது.

> மேம்படுத்து என்பதில் என்ன குறை?

மேன்மைக்கு யார் உத்தரவாதம்? டெபியனின் நிலையான வெளியீட்டில் வருபவற்றில் பெரும்பகுதி பழுதுநீக்கங்களும் பாதுகாப்புத் திருத்தங்களும்தான். டெபியன் 12இல் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகத்தின் பதிப்பு எண் 2.36 என்றே நிற்கிறது. பின்னால் ஒட்டியிருக்கும் டெபியனின் சொந்த எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. இதை மேம்படுத்தல் என்பது கொஞ்சம் அதிகப்படி. இதே காரணத்தால்தான் இன்னொரு நண்பர் தந்த ‘பதிப்பேற்றம்’ என்ற சொல்லும் சரிவரவில்லை. அது ‘பதிவேற்றம்’ என்று தவறாகப் படிக்கப்படும் என்ற கவலை வேறு. டெபியன் 12இலிருந்து 13க்குத் தாவுகிறோமே, அந்தப் பெரிய வேலைக்கு ‘மேம்படுத்தல்’ பொருந்தும், அதற்கென்று ஒதுக்கிவைப்போம்.

> இற்றை என்றால் இற்றுப்போன கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் ‘இற்றை நாள்’ (இன்றைய நாள்) என்பது பழைய, செம்மையான வழக்கு. ‘இற்றைப்படுத்து’ கைப்பேசித் திரைகள் வரை வந்துவிட்டது. இனி அதை அசைக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

‘ஃபுல்-அப்கிரேட்’டுக்கு ‘முழுமையாக இற்றைப்படுத்து’ என்று வரைவில் இருப்பதை மாற்ற வேண்டும். சாதாரண ‘அப்கிரேட்’ நிறுவியிருக்கும் எதையும் நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கிவிட்டும் வேலையை முடிக்கும். வேறுபாடே அந்த நீக்கலில்தான் இருக்கிறது. ‘முழுமை’ என்ற சொல் அதை மறைத்து ஆசைகாட்டுகிறது. ‘நீக்கலுடன் இற்றைப்படுத்து’ என்றால் படிப்பவர் ஒரு கணம் நின்று பட்டியலைப் பார்ப்பார்.

இனி எனக்கு உண்மையாகவே தலைவலி கொடுத்த வரி. தொடரலாமா என்ற கேள்விக்கு நாம் ஆம் சொல்வதற்கு முன் ஆப்ட் ஒரு கணக்கு காட்டுமே: ‘12 அப்கிரேடட், 2 நியூலி இன்ஸ்டால்ட், 1 டு ரிமூவ் அண்ட் 3 நாட் அப்கிரேடட்’. வரைவில் ‘12 இற்றைப்படுத்தப்பட்டன’ என்று இருக்கிறது. இன்னும் எதுவும் நடக்கவில்லையே! ஆங்கிலத்தில் அந்தச் சொல் காலம் காட்டாமல் நழுவிவிடுகிறது. தமிழ் வினைமுற்றுக்கு அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த வரி ஒரே துண்டாக இல்லை. நிறுவுவது வரை ஒன்று, மறுநிறுவலுக்கு ஒன்று, பதிப்பிறக்கத்துக்கு (டவுன்கிரேட், பழைய பதிப்புக்குத் திரும்புவது) ஒன்று, நீக்கல் முதல் கடைசி வரை ஒன்று. ஒவ்வொரு துண்டும் தனித்தும் நிற்க வேண்டும், சேர்ந்தும் ஓட வேண்டும். ஆகவே ‘12 இற்றைப்படும், 2 புதிதாக நிறுவப்படும், 1 நீக்கப்படும், 3 இற்றைப்படா’ என்று எதிர்காலத்தில் வைக்கலாம். டெபியன் 13இல் வந்த ஆப்ட் 3.0 இதைத் தலைப்பும் எண்ணுமாகக் காட்டுவதால் நமக்கு வேலை சுலபம்: ‘இற்றைப்படுபவை: 12, நிறுவப்படுபவை: 2, நீக்கப்படுபவை: 1, இற்றைப்படாதவை: 3’.

அந்த மூன்றும் ஏன் இற்றைப்படவில்லை என்பதிலும் இரண்டு வகை உண்டு. ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ கொடுத்து நாமே கட்டிப்போட்டவை ஒரு வகை. சார்புகள் (ஒரு பொதிக்குத் தேவையான பிற பொதிகள்) ஒத்துவராமல் தாமாக நின்றவை இன்னொரு வகை. பழைய ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ புதுப் பொதி எதையும் சேர்க்காது. எனவே புதிய பெயருடன் வரும் கருநிரல் (கெர்னல்) பொதி தேவைப்படும்போதெல்லாம் அதைச் சார்ந்த பொதி அப்படியே நின்றுவிடும். முன்னதற்கு ‘நிறுத்திவைத்தவை’, பின்னதற்கு ‘நின்றுவிட்டவை’. பிறவினை, தன்வினை வேறுபாடு தமிழில் இவ்வளவு கச்சிதமாகக் கைகொடுக்கும்போது இரண்டையும் ‘நிறுத்தப்பட்டவை’ என்று ஒரே கூடையில் போடுவானேன்?

பேக்கேஜுக்கு ‘பொதி’யா ‘தொகுப்பா’ என்ற பழைய சண்டைக்குள் நான் நுழையப்போவதில்லை. ஒரே கோப்பில் இரண்டும் வரக்கூடாது, அவ்வளவே.

மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். ‘டவுன்கிரேட்’டுக்கு மேலே ‘பதிப்பிறக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘பதிவிறக்க’த்தோடு அது மோதுவதும் தெரிகிறது. அதற்குமட்டும் யாராவது நல்ல சொல் தந்தால் கோப்பைத் திருத்தி அனுப்பிவிடுவேன்.