பரோட்டா கடைக்கு பீர் லைசென்ஸ் கிடைக்குமா? (அம்பை ரோடு, ஊராட்சி எல்லை)

சால்னாச்சட்டி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். திருநெல்வேலி அம்பை (அம்பாசமுத்திரம்) ரோட்டுல பரோட்டா கடை. முன்னாடி 36 சீட்டு, பின்னாடி 12 பேர் உக்கார ஏசி ரூம். ராத்திரி வாரவங்க 'பீரு உண்டா'ன்னு கேக்காவ. கேரளாவுல எப்.எல். 11-ன்னு பீர்-ஒயின் பார்லர் லைசென்ஸ் இருக்காம், அதே மாதிரி இங்கயும் வாங்கித் தாரேன்னு ஒரு புரோக்கர் முன்பணம் கேக்காரு. யாருகிட்ட மனு போடணும்? பக்கத்துல சுடலைமாடன் கோயில் இருக்கு, தூரக் கணக்கு எப்படி? லைசென்ஸ் வாரது வரைக்கும் அவங்களே வாங்கிட்டு வந்து குடிச்சா பரவாயில்லையா?

கொக்கிரகுளம்_பைல்:
முன்பணத்தக் குடுத்திராதீங்க. கேரளா எப்.எல். 11 அந்த ஊர் அப்காரி (மதுவரி) சட்டத்துல வாரது. எல்லையில ஆரியங்காவு தாண்டி இந்தப் பக்கம் வந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே வேற. நம்ம ஊருக்கு 1937 மதுவிலக்குச் சட்டமும், அதுக்குக் கீழ 1981-ல போட்ட மதுபான உரிமம், அனுமதி விதிகளும்தான். அதுல தனி ஓட்டலுக்கு, மெஸ்ஸுக்கு, பரோட்டா கடைக்குன்னு ஒரு உரிமம் கிடையாது. பீர் மட்டும்னு கேட்டாலும் கிடையாது. மனு போட இடமே இல்லாத விஷயத்துக்குத்தான் அவரு காசு கேக்காரு.

இருக்கது இதுதான். எப்.எல். 2 கிளப்புக்கு. தனி ஆள் லாபத்துக்கு நடத்தாத, பதிவு செஞ்ச சங்கமா இருக்கணும். சரக்கு உறுப்பினருக்கு, ரோட்டுல போறவருக்கு ஊத்த முடியாது. பேருக்கு கிளப் வச்சு உள்ள பார் நடத்துனா, உறுப்பினர் பதிவேட்டப் பிரிச்சுப் பாத்த அன்னைக்கே மாட்டிக்கிடும். எப்.எல். 3 நட்சத்திர அந்தஸ்து வாங்குன ஓட்டலுக்கு. தங்குற ரூம் இல்லாம அந்தப் பேச்சுக்கே வர வேண்டாம். இது ரெண்டும் சென்னையில மதுவிலக்கு, ஆயத்தீர்வை ஆணையர் குடுக்கது. மாவட்டத்துல கலெக்டர் ஆபீஸ்ல உதவி ஆணையர் (ஆயம்) பிரிவுல கேளுங்க, போலீஸ், தாசில்தார் அறிக்கை எல்லாம் அந்த வழியாத்தான் போகும். 2023-ல வந்த எப்.எல். 12 ஒருநாள், ரெண்டுநாள் நிகழ்ச்சிக்கானது. தினசரிக் கடைக்கு அது உதவாது.

வண்ணார்பேட்டை_ஆடிட்டர்:
சில்லறை விற்பனை 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக் கையில். ஆகவே சிறு வியாபாரிக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று: டாஸ்மாக் கடையை ஒட்டிய பார் டெண்டர். மாவட்ட மேலாளர் அறிவிப்பார். பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். பார் எடுத்தவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கும் உரிமையும் காலி பாட்டில் எடுக்கும் உரிமையும் மட்டும். ஒரு குவார்ட்டர்கூட அவர் விற்கக் கூடாது. குடிப்பவர் கடைக் கவுண்டரில் வாங்கி வந்து பாரில் உட்கார வேண்டும்.

உங்கள் கடையை அப்படியே பார் ஆக்க முடியாது, டாஸ்மாக் கடை பக்கத்திலேயே இருந்தாலொழிய. கட்டட உரிமையாளர் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் டெண்டர் போடாதீர்கள். அதிகத் தொகைக்கு எடுத்துவிட்டு, இடத்துக்காரர் மறுத்ததால் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் உண்டு. தூரம்: மாநகராட்சி, நகராட்சியில் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி, தொழிற்பகுதி என நகர ஊரமைப்பில் குறித்த இடத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. சுடலைமாடன் பீடம் கணக்கில் வருமா வராதா என்று வாதாடுவதை விட வரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கோயில் கொடை (திருவிழா) நேரத்தில் ஆட்சேபணை அங்கிருந்துதான் கிளம்பும்.

நெடுஞ்சாலை தனி. 2016 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர். 20,000 பேருக்குள் உள்ள உள்ளாட்சிக்கு 220 மீட்டராக 2017-ல் குறைத்தார்கள். நகராட்சி எல்லைக்குள் விலக்கு உண்டு என்றும் அதே ஆண்டு தெளிவாக்கினார்கள். அம்பை ரோட்டில் நீங்கள் ஊராட்சி என்பதால் விலக்கை நம்பாதீர்கள்.

தச்சநல்லூர்_சைடிஷ்:
பார் கணக்கு ஆசையா இருக்கும், கட்டுறப்பதான் தெரியும். கடையோட விற்பனையப் பாத்துத்தான் குறைந்தபட்சத் தொகை வைப்பாவ. மாசக் கட்டணம் மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும் ஒண்ணுதான். கடை பகல் 12 மணிக்குத் தொறந்து ராத்திரி 10-க்கு அடைக்கும். அதுக்கு மேல ஆம்லெட்டு, சுண்டல், சிக்கன் 65 யாருக்குப் போடுவீங்க? குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மீலாது நபி, அன்னைக்கெல்லாம் கடை லீவு.

2019 ஜனவரி 1-லயிருந்து பிளாஸ்டிக் கப்பும் தண்ணி பாக்கெட்டும் தடை. ஆக கண்ணாடி டம்ளர், கழுவ ஆள், தண்ணி. டம்ளர் உடையுற கணக்கத் தனியா எழுதுங்க. உணவுப் பாதுகாப்புப் பதிவு, கை கழுவுற இடம், கக்கூஸ், பின்வாசல், எல்லாம் வேணும்.

மாட்டிக்கிடுற இடம் ஒண்ணுதான்: அடைச்ச பொறவு பார்ல வேலை பாக்க பையன் பாட்டிலுக்குக் கூட வச்சு விக்கது. வழக்கு மதுவிலக்குச் சட்டத்துல வரும், டெண்டர் எடுத்தவரு பேரும் சேந்து வரும். 'எனக்குத் தெரியாது'ன்னா செல்லாது.

சால்னாச்சட்டி:
விளங்கிட்டு. அப்போ ஏசி ரூம்ல அவங்களே கொண்டு வந்தது?

கொக்கிரகுளம்_பைல்:
அதுதான் ஆபத்து, அண்ணாச்சி. 21 வயசு தாண்டுன ஆள் சொந்தக் குடிக்கு 4.5 லிட்டர் ஐ.எம்.எஃப்.எஸ். (பிராந்தி, விஸ்கி மாதிரி இங்க தயாரிக்க சரக்கு), 7.8 லிட்டர் பீர் வரை கையில வச்சிக்கிடலாம். அது அவரு வச்சிருக்கத்துக்கு. உரிமம் இல்லாத ஓட்டல்ல உக்காந்து ஊத்திக் குடிக்கதுக்கு அது பாதுகாப்பு ஆகாது. இடம் குடுத்தவரு மேலயும் மதுவிலக்குச் சட்டத்துல வழக்கு வரும். டம்ளரும் ஐஸும் குடுத்து, பில்லுல 'சோடா'ன்னு எழுதுனா அது உங்களுக்கு எதிரான ஆதாரம்.

ரூமுக்குள்ள மது குடிக்கக் கூடாதுன்னு தமிழ்ல போர்டு, கேமரா, பாட்டிலோட வந்தா பார்சல் மட்டும். பொரிச்ச பரோட்டா பார்சலுக்கு இலை, சால்னாவுக்கு மூடி போட்ட டப்பா வச்சா, பத்து மணிக்கு டாஸ்மாக் அடைச்சதும் வாரவங்க வாங்கிட்டுப் போவாவ.