வெள்ளைக்கண் தாய்க்குச் சிவப்புக்கண் மகன்: எங்கே தவறு?

தருமபுரி மாணவி:
வணக்கம். முதுநிலை விலங்கியல் படிக்கிறேன். டிரோசோஃபிலா என்ற சிறு பழ ஈயில் வெள்ளைக்கண் பெண்களையும் சிவப்புக்கண் ஆண்களையும் கலந்தேன். மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை என்றுதான் வரவேண்டும். 212 ஈக்களில் நான்கு மகள்கள் வெள்ளை, ஒரு மகன் சிவப்பு. இரவு முழுக்கப் பொரிந்த புட்டியிலிருந்து காலையில்தான் தாய் ஈக்களைப் பிரித்தேன். அவை ஆணோடு சேராத கன்னி ஈக்களாக இல்லாததுதான் காரணமா? அந்த ஐந்தையும் பதிவேட்டில் அடித்துவிடச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

கிருஷ்ணகிரி ஆசிரியை:
அடித்துவிடாதேம்மா. வெள்ளை மகள்களுக்கு நீ சொன்னதுதான் பெரும்பாலும் காரணம். கூடப் பொரிந்த வெள்ளை ஆணோடு தாய் முன்பே சேர்ந்திருக்கும். 25 டிகிரியிலேயே எட்டு மணி நேரத்துக்குள் பிரிக்கவேண்டும், நம்மூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். சிவப்பு மகன் கதை வேறு. தாய் எந்த ஆணோடு சேர்ந்தாலும் கண் நிற மரபணு இருக்கும் எக்ஸ் குரோமோசோம் மகனுக்குத் தாயிடமிருந்துதானே வரும்? அது ஆண்தானா? முன்காலில் ஆணுக்கு மட்டும் உள்ள சீப்பு போன்ற கறுப்பு முடிவரிசை இருக்கிறதா பார்.

மாணவி:
இருக்கிறது மேடம். இரண்டு முன்கால்களிலும் மைப்பொட்டு வைத்த மாதிரி. வயிற்று நுனியும் கறுப்பு.

ஆசிரியை:
அப்படியென்றால் வெளி ஈ நுழைந்திருக்கலாம். மாம்பழ சீசனில் இது சகஜம். (மாங்காயைத் துளைக்கும் பழ ஈ வேறு இனம்.) இல்லையென்றால், எக்ஸே இல்லாத முட்டை ஒன்று தந்தையின் எக்ஸை மட்டும் வாங்கியிருக்கும். சுமார் 2000-க்கு ஒன்று அப்படி வரும். மரபணுக்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்று அமெரிக்க மரபியலாளர் பிரிட்ஜஸ் 1916-இல் நிறுவியதே இப்படிப்பட்ட ஈக்களை வைத்துத்தான்.

மாணவி:
ஒய் இல்லாமல் எப்படி ஆண்?

ஆசிரியை:
நமக்குத்தான் ஒய் வேண்டும். ஈயில் எக்ஸ் எத்தனை என்பதுதான் கணக்கு. கரு இன்னும் செல்களாகப் பிரியாமல், ஒரே பைக்குள் உட்கருக்கள் மட்டும் பெருகும் முதல் சில மணி நேரத்திலேயே அது முடிவாகிவிடும். இரண்டு எக்ஸ் இருந்தால் செக்ஸ்-லீத்தல் மரபணு விழித்துக்கொள்ளும், பெண். ஒன்றுதான் என்றால் விழிக்காது, ஆண். ஒய் விந்தணுவுக்குத்தான் தேவை; அது இல்லாத ஆண் மலடு. அந்த ஈயைக் கன்னி ஈக்களோடு விடு. பக்கத்தில் சாதாரண ஆணை வைத்து இன்னொரு புட்டியும் கட்டாயம் வை. 30 டிகிரிக்கு மேல் வளர்ந்தால் நல்ல ஆணும் மலடாகிவிடும்.

மாணவி (பத்து நாள் கழித்து):
ஒப்பீட்டுப் புட்டியில் ரவை உணவு கூழாகி, புழுக்கள் கண்ணாடியில் ஏறிவிட்டன. சிவப்பு மகனை விட்ட புட்டியில் முட்டைகள் இருக்கின்றன, ஒரு புழு இல்லை. உணவு ஊற்றிய அன்று போலவே வழவழவென்று இருக்கிறது. அந்த ஈயைப் பதிவேட்டில் தனி வரியில் எழுதிவிட்டேன் மேடம்.