ரீயூனியன் எரிமலை: அங்க இருக்குற ஜனங்களுக்கு பயமே இல்லையா?

கேள்வி
இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுல இருக்குற பிதோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை வீடியோ ஒண்ணு பார்த்தேன். நெருப்புக் குழம்பு பொங்கிட்டு இருக்கு, ஜனங்க என்னடான்னா புள்ளகுட்டியோட கார் எடுத்துட்டு பார்க்கக் கிளம்பிட்டாங்க. நம்ம தமிழ் வம்சாவளி ஆளுங்களும் அங்க நிறைய இருக்காங்கல்ல, அவங்களுக்கெல்லாம் இந்த மலைன்னா என்ன? பயமா, பக்தியா, இல்ல வெறும் வேடிக்கையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1
மூணுமே உண்டு நண்பா. 17-ம் நூற்றாண்டுல இருந்து 150 தடவைக்கு மேல பொங்கியிருக்கு, ஆனா பெரும்பாலும் ஆன்க்லோ ஃபூக்கேன்னு சொல்ற பெரிய பள்ளத்துக்குள்ளயேதான், அது குதிரை லாடம் மாதிரி கிழக்க கடல் பக்கம் திறந்து கிடக்கு, உள்ள வீடு வாசல் கிடையாது. குழம்பு அது பாட்டுக்கு உள்ளயே இறங்கி உறைஞ்சுடும், சில தடவை கடல் வரைக்கும் போகும். அதான் ஜனங்க தைரியமா பார்க்கப் போறாங்க.

பதில் 2
மேல சொன்னது சரிதான், ஆனா "பெரும்பாலும்"ங்கறதை கவனிங்க. 1977 ஏப்ரல்ல பள்ளத்துக்கு வெளிய வெடிச்சு பிதோன் சேன்த் ரோஸ் ஊருக்குள்ள குழம்பு வந்துடுச்சு. ஊரைக் காலி பண்ணிட்டாங்க, உயிர்ச்சேதம் இல்ல, வீடுங்க போச்சு. சர்ச் வாசல் வரைக்கும் வந்த குழம்பு ரெண்டா பிரிஞ்சு சுத்திப் போச்சு, கட்டடம் தப்பிச்சுது. இன்னைக்கும் போனா சுவரை ஒட்டி கருப்புப் பாறை உறைஞ்சு நிக்கறதைப் பார்க்கலாம், ஊர் ஜனங்க அதை அற்புதம்னுதான் சொல்றாங்க, அந்த இடத்துல நின்னா நமக்கும் வாதாடத் தோணாது. அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் மலையைக் கண்காணிக்க ஆய்வு நிலையமே வந்துச்சு.

அந்தப் பக்கமே நீலக் குடை பிடிச்ச மாதா சிலை ஒண்ணு ரொம்ப பிரபலம், எரிமலைகிட்ட இருந்து காப்பாத்தணும்னு வச்சது. குழம்பு வர்றப்போ சிலையையே இடம் மாத்தி பத்திரப்படுத்தியிருக்காங்க.

பதில் 3
நான் அங்க கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கிரான் ப்ரூலேங்கற, அந்தப் பெரிய பள்ளத்தோட கடலோரச் சரிவு வழியா போற ரோட்டுல எந்த வருஷக் குழம்பு எங்க ஓடுச்சுன்னு போர்டு வச்சிருப்பாங்க, பழசுல மரமே வளர்ந்து நிக்கும், புதுசுல சாம்பல் நிறப் பாசி, இடுக்குல சின்னச் சின்னதா பெரணிச் செடி, அவ்வளவுதான். 2007-ல ரோட்டையே மூடிட்டு கடலுக்குள்ள போய் தீவுக்கு புது நிலம் சேர்த்துச்சு, அந்த வருஷம்தான் உச்சியில இருக்குற தொலொமியூ பள்ளம் 300 மீட்டருக்கு மேல உள்வாங்கிச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் மழை பெஞ்சா பாறையில இருந்து ஆவி கிளம்பும்.

தமிழ் ஆளுங்க பத்தி கேட்டீங்க. கரும்புத் தோட்ட வேலைக்கு 19-ம் நூற்றாண்டுல வந்தவங்க வம்சம், கோயில், தீமிதின்னு இன்னைக்கும் விடாம நடத்துறாங்க. தீமிதி திரௌபதி அம்மனுக்கு, அதை எரிமலையோட சேர்த்து யாராவது கதை சொன்னா நம்பாதீங்க. மலை அங்க எல்லாருக்கும் பொது, பொங்குதுன்னு தெரிஞ்சா எந்த சாதி மதமும் பார்க்காம ராத்திரியே மேல வண்டி வரிசை கட்டி நிக்கும், புள்ளைங்களை போர்வையில சுத்தி தூக்கிட்டு வருவாங்க, ஏன்னா மேல செம குளிரு.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி அண்ணா. பொங்குற நேரத்துல கிட்டப் போக விடுவாங்களா?

பதில் 3
ஆன்க்லோ பள்ளத்துக்குள்ள இறங்குற பாதையை அரசாங்கம் உடனே மூடிடும் தம்பி. விளிம்புல நின்னு பார்க்கலாம், தயவுசெஞ்சு வேலி தாண்டாதீங்க.