கார் ஆலையோடு வந்த சீனம்

பண்டா கரடிகளைப் பார்க்கக் குடும்பத்தோடு மலேசியத் தேசிய விலங்குக்காட்சி சாலைக்குப் போனதை இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். 2014இல் வந்த அந்த இணை, 2025இல் சீனாவுக்கே திரும்பிவிட்டது. எங்கள் தஞ்சோங் மாலிமுக்கு வந்த சீனமோ வேரூன்றிவிட்டது.

சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். பக்கத்தில் மலேசியாவின் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோனின் ஆலை. 2017இல் சீனக் கார் நிறுவனமான ஜீலி புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோது, தேசியக் காரை விற்றுவிட்டார்கள் என்று ஒட்டுக்கடையில் திட்டாதவர் இல்லை. 2018 இறுதியில் புரோட்டோனின் எக்ஸ்70 கார் சந்தைக்கு வந்தது. முதலில் சீனாவிலிருந்து முழுக் காராகவே இறங்கியது. பிறகு எங்கள் ஆலையிலேயே பொருத்தத் தொடங்கினார்கள். திட்டும் அதோடு அடங்கியது.

என் அண்ணன் மகன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அந்த ஆலையில்தான் வேலை. பயிற்சிக்குச் சீனாவின் நிங்போ நகருக்குப் போய் வந்தான். அவன் சட்டைப்பையில் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். இடப்பக்கம் சீன எழுத்து, வலப்பக்கம் அதன் ஒலிப்பு தமிழில். "நிறுத்து", "முறுக்கு", "கை பத்திரம்" என்று தொடங்கும் அந்தப் பக்கங்களில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. சீனத்து அதிவேக ரயிலைப் பற்றி லயத்துப் பிள்ளைகளிடம் அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். இப்போது மகளைச் சீனப்பள்ளியில் சேர்த்திருக்கிறான். தமிழ்ப்பள்ளி வகுப்புகள் காலியாவதைக் கண்ணால் பார்க்கிற எனக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. தோட்டத்துப் பையனைக் கூப்பிட்டுத் தொழில் கற்றுக்கொடுத்து அனுப்பியவர்கள் சீனர்கள்தானே!

என் கவலை வேறு. 2023 ஆகஸ்டில் சீனா வெளியிட்ட வரைபடம் சபா, சரவாக்கை ஒட்டிய நம் கடற்பகுதியையும் தன்னுடையதாகக் காட்டியது. மலேசிய அரசு அதை ஏற்க மறுத்தது. சரவாக்குக்கு அப்பால், பெத்திங் பத்திங்கி அலி என்ற கடல் திட்டுகளின் பக்கம் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகின்றன. கடையில் அண்ணன் மகனிடம் இந்தப் பேச்சை எடுத்தேன்.

"அது அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், சித்தப்பா. நமக்கு எதற்கு?" என்றான்.

"சம்பளம் கொடுக்கிறான் என்பதற்காக வரப்பைத் தள்ளிப் போட விடுவாயா?" என்று கேட்டேன். அருகிலிருந்த மற்றப் பையன்களும் அவன் பக்கமே பேசினார்கள். யாரும் மிரட்டி வாங்காத மௌனம் இது. அதனால்தான் எனக்குக் கூடுதல் பயம்.

குவாந்தான் பக்கம் சீன நிறுவனம் கட்டும் கிழக்குக்கரை ரயில் திட்டத்தில் வேலை செய்யும் நம்மவர்கள் இருந்தால், அங்கே இளைஞர்கள் இதைப் பற்றிப் பேசுகிறார்களா என்று எழுதுங்கள்.