வருமானம் இல்லாத மாதங்களுக்கு எதை அத்தாட்சியாகக் காட்டுவது?

கொட்டாஞ்சேனை அம்மா:
புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். சித்திரை வியாபாரம் முடிந்த கையோடு கடையைப் பூட்டிவிட்டார்கள். வேலை நின்றதாக ஒரு துண்டுக் கடிதம்கூடத் தரவில்லை. கணவர் இல்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணத்துக்கான பட்டியலில் பெயர் வராததால் மேன்முறையீடு செய்தேன். விசாரிக்க வந்தவர், "வருமானமே இல்லை என்றால் இவ்வளவு மாதமும் எப்படிச் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார். வந்த சம்பளத்துக்குச் சீட்டு காட்டலாம், வராத சம்பளத்துக்கு எதைக் காட்டுவது? கத்தாரில் இருக்கும் தம்பி இடைக்கிடை பணம் போட்டான். அதையும் வருமானமாக எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற சம்பளக் கிளாக்:
தங்கச்சி, முதலில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கைப் பாருங்கள். சம்பளம் ஓடிய மாதமெல்லாம் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் அதில் விழுந்திருக்க வேண்டும். எந்த மாதத்தோடு நின்றது என்பது அதிலேயே தெரியும். அடையாள அட்டையோடும் அங்கத்தவர் இலக்கத்தோடும் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். முதலாளி கட்டாமலே விட்டிருந்தால் முறைப்பாடு செய்வதும் அங்கேதான்.

அடுத்தது, விசாரிக்க வந்தவர் கேட்ட அந்தக் கேள்வி. அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கும். நகை அடகு வைத்திருந்தால் சீட்டில் திகதி இருக்கிறது. வட்டி கட்டித் திருப்பி வைத்திருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். பலசரக்குக் கடையில் கடன் கொப்பி இருக்கிறதா? பருப்பு, பால்மா என்று திகதி போட்டு எழுதி, பாதியைக் கொடுத்து மீதியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன கணக்கு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வேலை நின்ற பிறகு கடன் ஏறிக்கொண்டே போவது யார் பார்த்தாலும் விளங்கும்.

தம்பியின் பணத்தை மட்டும் மறைக்க வேண்டாம். வங்கிப் புத்தகத்தில் அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்றக் கடதாசிகளையும் நம்ப மாட்டார்கள். எப்போது, எதற்காக அனுப்பினான், கடனா உதவியா என்று அவனிடம் ஒரு கடிதம் வாங்கி, அந்தப் பக்கங்களின் பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள்.

வெள்ளவத்தை வாசி:
ஐயா சொன்னதோடு, சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசியும் முடியுங்கள். சும்மா "வருமானம் இல்லை" என்று எழுதினால் போதாது. எந்த மாதத்திலிருந்து இல்லை, எதை வைத்துச் சமாளித்தீர்கள் என்று எழுத வேண்டும். பொய் எழுதினால் குற்றம், அதனால் நினைவில்லாத தொகையைப் போடாதீர்கள்.

அப்புறம், அஸ்வெசுமவுக்கு வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. வீடு, கல்வி, சுகாதாரம், சொத்து என்று 22 குறிகாட்டிகள் இருக்கின்றன, மின்சாரப் பாவனையும் அதில் சேர்த்தி. லைட் பில்லையும் எடுத்துப் போங்கள். மேன்முறையீடும் சரிவராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

கொட்டாஞ்சேனை அம்மா:
ரொம்ப நன்றி. அடகுச் சீட்டும் கொப்பியும் இருக்கிறது. கடைக்கார மாத்தையா சிங்களத்தில்தான் எழுதியிருக்கிறார், பரவாயில்லையா?

ஓய்வுபெற்ற சம்பளக் கிளாக்:
ஒரு பிரச்சினையும் இல்லை. கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தையும் கடை முத்திரையையும் வாங்குங்கள். உங்கள் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். மூலக் கொப்பியைக் காட்டிவிட்டுப் பிரதியை மட்டும் கொடுங்கள். கொடுத்ததற்கு உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வராதீர்கள்.